செய்தி நாடகமான கதை: ஒரு பழைய கிளார்க்கின் கணக்கு



நேற்று இரவு டிவி விவாதத்தில் யார் யாரோடு மோதினார் என்று கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். யார் குரலை உயர்த்தினார், யார் பாதியில் எழுந்து போனார், நெறியாளர் யாரை மடக்கினார் என்பதெல்லாம் மறுநாள் காலை நடைப்பயிற்சி வரை பேச்சாக ஓடும். நம் வார்டுக்கு மாநகராட்சி இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வோம்? சிலருக்கு வார்டு எண்ணையே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அரசியலில் நாடகம் மட்டும் நம் நினைவில் நின்று, நிர்வாகம் நழுவிப் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பெரும்பகுதி நம் கண் முன்னால், நம் கூடத்திலேயே நடந்தது.

சங்க இதழில் கட்சி அரசியல் வேண்டாம் என்பது நமக்குள் உள்ள ஏற்பாடு. இக்கட்டுரையில் கட்சிகளின் பெயர்களும் தலைவர்களின் பெயர்களும் வரும். அவை இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. யாருக்கும் வரவும் வைக்கவில்லை, பற்றும் எழுதவில்லை. நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கிக் கவுண்ட்டரில். ஆகவே எதைப் பார்த்தாலும், இதற்கு ஆகும் செலவு என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. டிவி செய்தியையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஒரே குரல் இருந்த காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வர பதினாறு ஆண்டுகள் ஆயின. சென்னை நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்து ஐம்பது நாட்கள்தான் ஆகியிருந்தன. எனவே நம் ஊருக்கு டிவி வந்தபோதே, அரசு சொல்வதை மட்டும் சொல்லும் பெட்டியாகத்தான் வந்தது.

அந்தக் காலத்துச் செய்தியை நினைத்துப் பாருங்கள். ஷோபனா ரவி போன்ற வாசிப்பாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், தெளிவான தமிழில் படிப்பார்கள். அமைச்சர் அடிக்கல் நாட்டினார், குடியரசுத் தலைவர் வாழ்த்து தெரிவித்தார், வானிலை இப்படி. செய்தி முடிந்தால் வெள்ளிக்கிழமைகளில் ‘ஒளியும் ஒலியும்’. செய்தி ஒரு அறை, பொழுதுபோக்கு வேறொரு அறை. நடுவில் சுவர் இருந்தது.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சுவரை அரசும் தன் வசதிக்குப் பயன்படுத்தியது. 1977 பிப்ரவரி 6 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பெரிய கூட்டம். நான்கு நாட்களுக்கு முன்தான் காங்கிரசை விட்டு வெளியேறியிருந்த ஜெகஜீவன் ராமும், ஜெயப்பிரகாஷ் நாராயணும் பேசுவதாக இருந்தது. அன்று மாலை தூர்தர்ஷன் ‘பாபி’ திரைப்படத்தை ஒளிபரப்பியது. மக்கள் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். ஆனாலும் மைதானம் நிரம்பியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய ஆட்சியாளர்கள் சினிமாவை அரசியலுக்குப் போட்டியாக நினைத்தார்கள். ஒன்றைக் காட்டினால் மற்றது மறையும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டையும் ஒரே திரையில் ஒன்றாகக் கலக்கலாம் என்று பிறகு வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

திரையில் ஒட்டிக்கொண்ட நாடு

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த 1982ஆம் ஆண்டில் டிவிக்கு வண்ணம் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டபோது, தீன்மூர்த்தி இல்லத்தில் வைக்கப்பட்ட உடலை நாடே மணிக்கணக்கில் பார்த்தது. டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. ஒரு அரசியல் நிகழ்வை அத்தனை பேர் ஒரே நேரத்தில் கண்ணால் பார்த்தது நம் நாட்டில் ஏறக்குறைய அதுதான் முதல் முறை.

1987 ஜனவரியில் ‘ராமாயண்’ தொடர் தொடங்கியது. அது முடிந்ததும் ‘மகாபாரத்’. இவை செய்தி அல்ல. ஆனால் திரையின் பலம் என்ன என்பதை அரசியல்வாதிகளுக்கு இவை காட்டின. 1991 மக்களவைத் தேர்தலில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் குஜராத்திலிருந்து ஜெயித்துப் பாராளுமன்றம் போனார்கள். 1996இல் கிருஷ்ணராக நடித்த நிதீஷ் பரத்வாஜும் போனார். ராமாயணத்தில் எதிர் எதிராக நின்றவர்கள் ஒரே கட்சியில், ஒரே அவையில் உட்கார்ந்தார்கள்!

தேர்தல் முடிவுகள் வரும் நாட்களும் உங்களுக்கு நினைவிருக்கும். வாக்குச்சீட்டுகளை எண்ண இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். பிரணாய் ராயும் வினோத் துவாவும் தூர்தர்ஷனில் எண்களை விளக்குவார்கள். முடிவு வராத நேரத்தில் சினிமா போடுவார்கள். படம் ஓடும்போது முடிவு வந்தால் படத்தை நிறுத்திச் சொல்வார்கள். செய்தி இல்லாத நேரத்தில், ‘இப்போது செய்தி இல்லை, படம் பாருங்கள்’ என்று சொல்லும் நேர்மை அதில் இருந்தது.

வானத்திலிருந்து இறங்கிய கடை

1991 ஜனவரியில் வளைகுடாப் போரை சி.என்.என். நேரலையாகக் காட்டியது. பெரிய ஓட்டல்களில் டிஷ் ஆன்டெனா வைத்துப் பார்த்தார்கள். போர்க்களத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற ருசி அப்போது பிடித்தது. 1992இல் ஜீ டிவி, 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி ஓடியது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான ஒரு வழக்கில், அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் தனிச்சொத்து அல்ல என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. பொதுச் சொத்து என்று சொன்ன பிறகு அதில் யார் கடை போட்டார்கள் என்பதுதான் அடுத்த கதை.

மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் வியாபாரிகளும் பத்திரிகைக் குழுமங்களும் சேனல் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் கட்சிகளும் கட்சிக்காரர்களின் குடும்பங்களும் தொடங்கின. தி.மு.க. தலைமையின் உறவுக் குடும்பத்தின் சன் டிவி, 1999இல் அ.தி.மு.க. சார்பான ஜெயா டிவி, 2006இல் பா.ம.க. சார்பான மக்கள் தொலைக்காட்சி, 2007இல் கலைஞர் டிவி, 2010இல் தே.மு.தி.க. சார்பான கேப்டன் டிவி, காங்கிரஸ் பிரமுகர்களின் மெகா டிவி, வசந்த் டிவி. கட்சிக்குக் கொடி இருப்பதுபோல் சேனலும் இருக்க வேண்டும் என்று ஆனது.

கட்சிப் பத்திரிகை நமக்குப் புதிதில்லை. ‘விடுதலை’யும் ‘முரசொலி’யும் படிப்பகங்களில் கிடந்தவைதான். படிப்பவருக்கு அது கட்சிப் பத்திரிகை என்று தெரியும். படத்துக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. கண்ணால் பார்த்ததை யாரும் கட்சிச் செய்தி என்று நினைப்பதில்லை. 1996 டிசம்பரில் ஜெயலலிதா கைதானபோது, அவர் வீட்டில் கைப்பற்றிய நகைகளும் புடவைகளும் செருப்புகளும் மீண்டும் மீண்டும் திரையில் வந்தன. வழக்கின் அடிப்படை வருமானத்துக்கும் சொத்துக்கும் உள்ள வித்தியாசம். அது ஒரு கணக்கு வழக்கு, பல வருடங்கள் நடந்தது. மக்கள் மனதில் நின்றது செருப்பு வரிசை.

ஒரே இரவு, இரண்டு படம்

இந்த வரலாற்றில் ஒரு தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், 2001 ஜூன் 30ஐச் சொல்வேன். அன்று பின்னிரவில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதியை அவர் வீட்டில் போலீசார் கைது செய்தார்கள். மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்பது புகார். அவருக்கு வயது 77. சன் டிவியின் கேமரா அங்கே இருந்தது. அவரைத் தூக்கி இழுத்துச் செல்லும் காட்சியும் அவருடைய அலறலும் விடியற்காலையிலிருந்து ஓயாமல் ஒளிபரப்பாயின. மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் கைதானார்கள். மறுபக்கம் ஜெயா டிவியில், போலீசாரைத்தான் தாக்கினார்கள் என்று காட்டும் காட்சிகள் வந்தன.

அன்று சனிக்கிழமை, வங்கிக்கு அரை நாள். கவுண்ட்டருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களில் ஒரு பாதி ஒரு படத்தைப் பார்த்திருந்தது, மறு பாதி மற்றதை. ‘நானே கண்ணால் பார்த்தேன்’ என்று இரு தரப்பும் சத்தியம் செய்தன. இரண்டும் உண்மையான படங்கள்தான். எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது, எதன்மேல் சோக இசை போடுவது என்பதில்தான் கதை மாறியது.

படத்தின் வேகத்துக்கு அரசியலும் ஓடியது. மறுநாளே ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலகும் நிலை வந்தது. சில நாட்களில் கருணாநிதி விடுதலையானார். ஆனால் மேம்பாலம் கட்டிய கணக்கில் முறைகேடு இருந்ததா, இல்லையா? டெண்டர் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? இதை உங்களில் யாராவது டிவியில் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாலங்களின்மேல் இன்றும் போய் வருகிறோம். நமக்கு நினைவிருப்பது அந்த இரவின் ஒலி மட்டும்தான். அதிலிருந்து எல்லாக் கட்சிகளும் ஒரு பாடம் கற்றன. வழக்கு நீதிமன்றத்தில் எப்படி முடிந்தாலும் சரி, முதல் நாள் காட்சி நம்முடையதாக இருக்க வேண்டும்.

இருபத்துநான்கு மணி நேரத்தை நிரப்பும் கணக்கு

இனி என் லெட்ஜருக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டு வாக்கில் இருபத்துநான்கு மணி நேரச் செய்தி சேனல்கள் வந்தன. இந்தியில் ‘ஆஜ் தக்’, தமிழில் சன் நியூஸ். பிறகு 2011இல் புதிய தலைமுறை, அதைத் தொடர்ந்து தந்தி டிவி, நியூஸ் 7, நியூஸ் 18 என்று வரிசை நீண்டது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். அத்தனை நிமிடத்துக்கும் செய்தி வேண்டும். செய்தி அப்படி நேரம் பார்த்து நடப்பதில்லை.

செலவுப் பக்கம்: ஒரு நிருபர், ஒரு கேமராமேன், வண்டி, மூன்று நாள் தங்கல் என்று ராமநாதபுரத்துக்கு அனுப்பினால் கண்மாய் வறண்டது பற்றி ஐந்து நிமிடப் படம் கிடைக்கும். அதே நேரத்தில் ஸ்டுடியோவில் நான்கு பேரை உட்கார வைத்தால் முழுதாக ஒரு மணி நேரம் கிடைக்கும். அவர்கள் தகவலை எடுத்துக்கொண்டு வருவதில்லை, கருத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கருத்தைத் திரட்ட செலவு இல்லை. இதோடு, கேபிள்காரர் நம் சேனலை எடுத்து வீட்டுக்கு அனுப்பவே சேனல்தான் பணம் கட்ட வேண்டும் என்ற நிலை பல காலம் இருந்தது. அந்தச் செலவு ஏறியபோது குறைக்க வசதியாக இருந்தது நிருபர் செலவு.

வரவுப் பக்கம்: சந்தா மிகக் குறைவு. விளம்பரம்தான் வருமானம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. விளம்பர விலையைத் தீர்மானிப்பது டிஆர்பி. 2020 வாக்கில் நாட்டில் ஏறக்குறைய 20 கோடி வீடுகளில் டிவி இருந்தது. டிஆர்பி கணக்கெடுக்கும் ‘பார்க்’ அமைப்பு மீட்டர் வைத்திருந்தது சுமார் 44,000 வீடுகளில். வகுத்துப் பாருங்கள். நாலாயிரத்து ஐந்நூறு வீட்டுக்கு ஒரு மீட்டர். அந்த ஒரு வீட்டில் ரிமோட் மாறாமல் இருக்க வேண்டும். அதற்குச் சண்டை உதவும், சமாதானம் உதவாது.

2020 அக்டோபரில் இந்த மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்து எண்ணிக்கையை ஏற்றினார்கள் என்று மும்பை போலீஸ் புகார் சொன்னது. செய்தி சேனல்களின் டிஆர்பி வெளியீட்டை ‘பார்க்’ நிறுத்தியது. 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட பதினேழு மாதங்களில் விவாதங்களின் சத்தம் குறைந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் டிஆர்பியை மட்டும் குற்றம் சொல்வது போதாது என்கிறேன். வரவு தெரியாத காலத்திலும் அந்த நிகழ்ச்சி தொடர்ந்தது, ஏனென்றால் அதைவிட மலிவான சரக்கு வேறு இல்லை.

பட்டிமன்றமும் கட்டியங்காரனும்

‘தமிழ்நாட்டு அரசியல் எப்போதுமே நாடகமும் சினிமாவும் கலந்ததுதானே, டிவியை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்ணா ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ எழுதினார். கருணாநிதி ‘பராசக்தி’க்கு வசனம் எழுதினார். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் திரையிலிருந்து வந்தார்கள். ஆனால் அன்று நாடகம் பார்க்கப் போனவர்க்கு அது நாடகம் என்று தெரியும், டிக்கெட் வாங்கித்தான் போனார். பொதுக்கூட்டத்துக்குப் போனவர் மணலில் துண்டு விரித்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டார். பேச்சாளர் எடுத்த பொருளை அவ்வளவு நேரம் கொண்டு போக வேண்டும். இடையில் புள்ளிவிவரம் சொல்ல வேண்டும், வரலாறு சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர் மறுத்தால் திரும்பும் வழியில் டீக்கடையில் அவரோடு வாதாட வேண்டும்.

இன்றைய விவாத நிகழ்ச்சி பார்க்கப் பட்டிமன்றம் போல இருக்கிறது. நமக்கெல்லாம் பிடித்த வடிவம். ஆனால் பட்டிமன்றத்தில் அணியை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது சபைக்குத் தெரியும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச மாட்டார். கடைசியில் நடுவர் இரு பக்கத்தையும் எடை போட்டுத் தீர்ப்புச் சொல்வார். டிவி விவாதம் அணி பிரிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. முறை வைத்துப் பேசுவதையும் தீர்ப்பையும் விட்டுவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ‘நேரமின்மை காரணமாக முடித்துக்கொள்வோம்’ என்பதுதான் தீர்ப்பு.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். ராஜா வேஷம் சபைக்கு வந்ததும் ‘நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய்’ என்று கேட்பது அவன் வேலை. ஊர்க்காரன் கேட்க நினைக்கிற கிண்டலான கேள்வியையும் அவனே கேட்டுவிடுவான். நெறியாளர் செய்ய வேண்டிய வேலை அதுதான். நல்ல நெறியாளர்கள் செய்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆனால் பல இடங்களில் கட்டியங்காரனே ராஜா வேஷம் கட்டிக்கொண்டுவிட்டான். யார் வந்தாலும் அவனே ஆடுகிறான்.

இன்னொன்று. மழைநீர் வடிகால் பற்றி விவாதம் என்றால் கோப்பைக் கையில் வைத்திருக்கும் பொறியாளர் அங்கே வர மாட்டார். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவரை அனுமதிப்பதில்லை. வருபவர்கள் இரண்டு கட்சிப் பேச்சாளர்கள், ஒரு அரசியல் விமர்சகர், ஒரு ‘ஆதரவாளர்’. நாளை இதே நால்வர் வேறு சேனலில் வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேசுவார்கள்.

டிவி நல்லதே செய்யவில்லை என்று எழுதினால் கணக்கு டேலி ஆகாது. 1996 மே 28 அன்று வாஜ்பாய் தன் 13 நாள் அரசின் முடிவில் மக்களவையில் ஆற்றிய உரையை நாடே கேட்டது. 1999 ஏப்ரல் 17 அன்று ஒரே ஒரு வாக்கில், 269க்கு 270 என்று அவர் ஆட்சி கவிழ்ந்ததையும் பார்த்தோம். அவற்றிலும் நாடகம் உண்டு. ஆனால் அது நிகழ்விலேயே இருந்தது, யாரும் சேர்க்கவில்லை. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கிய எம்.பி.க்களை மறைவுக் கேமராவில் பிடித்து டிவி காட்டியது. அந்த மாதமே 11 பேர் பதவி இழந்தார்கள். நிருபரை அனுப்பி, மாதக்கணக்கில் உழைத்தால் கிடைக்கும் பலன் அது.

கூவத்தூர் நாட்களில் காணாமல் போனது

இனி இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று சொல்கிறேன்.

2017 பிப்ரவரியை மறந்திருக்க மாட்டீர்கள். 7ஆம் தேதி இரவு ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி அமர்ந்தார். ஏறக்குறைய நாற்பது நிமிடம். ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதை எல்லா சேனலும் நேரலையாகக் காட்டின, நாமும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பார்த்தோம். அடுத்து கூவத்தூர் சொகுசு விடுதி வாசலில் நாள்கணக்கில் கேமரா. 15ஆம் தேதி, பெங்களூரு சிறைக்குப் புறப்பட்ட சசிகலா நினைவிடத்தில் மூன்று முறை கையால் அடித்துச் சபதம் செய்தார். 18ஆம் தேதி சட்டப்பேரவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு, 122க்கு 11. கிழிந்த சட்டையோடு மு.க.ஸ்டாலின் வெளியே வந்த காட்சி. பேரவைக்குள் நடந்ததற்கு மட்டும் நேரலை இல்லை. விடுதி வாசலுக்கு நேரலை உண்டு, வாக்கெடுப்புக்கு இல்லை!

அதே நாட்களில் ரிப்பன் மாளிகையில் மன்றக் கூடம் காலியாகக் கிடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இருந்த கவுன்சிலர்களின் பதவிக் காலமும் அதே மாதம் முடிந்தது. பிறகு தேர்தல் தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. மார்ச் 2 அன்று கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஐந்தாண்டு நான்கு மாதங்களுக்கு மேலாகச் சென்னையின் 200 வார்டுகளிலும் நாம் தேர்ந்தெடுத்த ஒருவர் கூட இல்லை. ஒரு முழுப் பதவிக் காலமே போய்விட்டது. தனி அலுவலரைக் கொண்டு மாநகராட்சி நடந்தது.

அந்த இடைவெளியில் நடந்தது கொஞ்சமில்லை. 2018 ஜூலையில் வீட்டு வரியை 50 சதவீதம் வரை உயர்த்தி அரசு ஆணை வந்தது. மன்றத்தில் எழுந்து கேட்க ஆள் இல்லை. 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு நின்றோம். அது மட்டும் உலக டிவியெல்லாம் வந்தது, ஏனென்றால் வறண்ட ஏரி ஒரு காட்சி. காலியான நாற்காலி காட்சி ஆகாது. அதைப் படம் பிடித்தால் நாற்பது விநாடிக்கு மேல் பார்க்க மாட்டோம். உள்ளாட்சித் தேர்தல் வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைப்பு என்பது திரையின் கீழே ஓடும் வரியில்தான் வந்து போனது. எந்தச் சேனலும் அதை மறைக்கவில்லை. அது மேடையேறவில்லை, அவ்வளவுதான்.

அதன் பலனையும் பார்த்தோம். 2022இல் தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஐந்தாண்டு இல்லாமலேயே இருந்துவிட்ட ஒன்று, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற மனநிலை வந்துவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் மறுபடி சொத்துவரி உயர்வு வந்தபோது நம் சங்கக் கூட்டத்தில் எவ்வளவு கோபம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் கால்வாசியாவது வாக்குச்சாவடிக்குப் போயிருக்கலாம்.

நம்மால் ஆகக்கூடியது

டிவியை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நானும் பார்க்கிறேன். விவாதத்தைப் பட்டிமன்றம் போலப் பாருங்கள், ரசியுங்கள், அதைச் செய்தி என்று மட்டும் பற்று எழுதிவிடாதீர்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நிமிடம் யோசியுங்கள்: இதில் எனக்குத் தெரியாத ஒரு எண், ஒரு தேதி, ஒரு ஆணை கிடைத்ததா? கிடைத்தால் அது செய்தி.

2022 ஜனவரி 6 முதல் நம் சட்டப்பேரவையின் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. ஒரு நாள் முழுதாகப் பாருங்கள். சத்தம் குறைவு, கொட்டாவி கூட வரும். ஆனால் எந்த ஊரில் பாலம் நிற்கிறது, எந்தப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்று அமைச்சர் பதில் சொல்வதைக் கேட்கலாம்.

அடுத்தது நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கிராம சபை போல நகரங்களுக்குப் பகுதி சபை என்ற ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலமெங்கும் முதல் கூட்டங்கள் நடந்தன. நம் வார்டு கவுன்சிலர் முன்னிலையில், வடிகால், குப்பை, தெருவிளக்கு பற்றி நாமே எழுந்து கேட்கலாம். அங்கே கேமரா இருக்காது, நாற்காலி பத்திருபது கிடக்கும். பேசியது பதிவாகும். பதிவான கேள்விக்குப் பதில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்த பகுதி சபைக்கு நம் சங்கத்திலிருந்து பத்துப் பேராவது போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் வார்டுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை இரண்டையும் மாநகராட்சி பட்ஜெட்டிலிருந்து எடுத்து ஒரு பக்கத்தில் எழுதித் தர நான் தயார். முப்பத்தைந்து வருடம் செய்த வேலைதான். வர விருப்பமுள்ளவர்கள் இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கூட்டம் மாலை நேரத்தில் அமைந்தால் அன்றைய விவாதத்தை மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் நிச்சயம் போடுவார்கள்.